இரண்டு ஆறும் ஒரே படத்தில்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கொள்ளிடம் பாலத்தில் கேமராவோடு நிற்கிற கூட்டத்துக்கு என்னைத் தெரியும். முழங்கால் தேய்ந்துவிட்டதால் போன வருஷம் வேலையை நிறுத்திவிட்டேன். ஆனாலும் அந்த நேரத்துக்கு வீட்டில் படுத்திருக்க என்னால் முடியாது. மெதுவாக நடந்து போய் அவர்கள் பக்கத்தில் நிற்பேன். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ஐயா, பிலிம் ஒசத்தியா, டிஜிட்டல் ஒசத்தியா?"

நான் ஒரு பெருமூச்சு விட்டு, அந்தக் காலம் மாதிரி வருமா என்று ஆரம்பிப்பேன் என எதிர்பார்க்கிறார்கள். "ரெண்டும் நல்லா இருந்துச்சுங்க. ரெண்டாலயும் நல்லா இருந்தேன்" என்று சொன்னால் முகம் வாடிப்போகிறது. அந்தக் கூட்டத்தில் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவர்தான் எங்கள் போட்டோ கிளப்பின் செயலாளர். "வாயால சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க, எழுதிக் கொடுங்க, ஆண்டு மலர்ல போடறேன்" என்றார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் அவரே திருத்திக்கொள்ளட்டும்.

எனக்கு வையம்பட்டிப் பக்கம். மானாவாரி நிலம், மழை தொடர்ந்து பொய்த்தது, பள்ளிக்கூடம் நின்றது. லாரியில் கிளீனராக ஏறினேன். பம்பாயில் ஓட்டலில் தட்டுக் கழுவினேன், விசாகப்பட்டினத்தில் கப்பல் சரக்கு இறக்கினேன், நடுவில் மஞ்சள்காமாலை வந்து ஒரு தர்ம ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தேன். எங்கேயும் என்னை யாரும் விரட்டவில்லை. கால்தான் நிற்காது. ஒருவழியாகத் திருச்சிக்குத் திரும்பி, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டு அங்கேயே சாக்கின் மேல் படுத்துக்கொண்டிருந்தேன். மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் போட்டோவுக்கு விளக்குப் பிடிக்கிற ஆள் வரவில்லை என்று என்னைப் பிடித்து அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் ஸ்டூடியோ முதலாளி ஜேசுராஜ் சாரை முதலில் பார்த்தேன். மறுநாளே மூட்டையை விட்டுவிட்டு அவரிடம் சேர்ந்தேன்.

விளக்குப் பிடித்து, பிலிம் மாட்டி, இருட்டறையில் தண்ணீர் ஊற்றித் தொழில் கற்றுக்கொண்டதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். ஆனால் கல்யாண வேலை எனக்கு ஒத்துவரவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் நான் மண்டபத்து வாசலில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு ஜேசுராஜ் சார் கூப்பிட்டார்.

"முத்து, உன்னால நாலு சுவத்துக்குள்ள நிக்க முடியாதுல்ல?"

"முடியலைங்க சார்."

"அப்ப வெளியவே போ. காலண்டருக்கு மலை, ஆறு, வயல் எல்லாம் வேணும். மத்தவனுக்கெல்லாம் பஸ்ல போனா வாந்தி வருது. உனக்குத்தான் உக்காந்தா வாந்தி வருதே."

என்னைத் திட்டுகிறாரா, வேலை கொடுக்கிறாரா என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு என் வேலை இயற்கைக் காட்சி. பச்சமலை, கொல்லிமலை, கல்லணை, முக்கொம்பு, கடற்கரை வரைக்கும் காவிரி போகிற வழியெல்லாம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுப்பேன். கொல்லிமலையில் மலேரியா வந்தது. கல்லணையில் பாசி வழுக்கி விலா எலும்பில் கீறல் விழுந்தது, கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். சந்தோஷமான வருஷங்கள் அவை.

ஜேசுராஜ் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை, வாயில் ஒரு ஏலக்காய். படத்தைக் கொண்டுபோய் நீட்டினால் நேராகப் பார்க்க மாட்டார். மேஜையில் தலைகீழாக வைத்துத்தான் பார்ப்பார். நேராக வைத்தால் இது கோபுரம், இது மரம் என்று மனசு பெயர் சொல்ல ஆரம்பித்துவிடும், தலைகீழாக வைத்தால்தான் எங்கே வெளிச்சம் கூடியிருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும் என்பார். படம் சரியில்லை என்றால் திட்ட மாட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சாப்டியா?" என்பார். அவ்வளவுதான். திரும்பப் போ, மறுபடி எடு என்று அர்த்தம். படம் நன்றாக இருந்தால் அதுவும் சொல்ல மாட்டார். அதை ஓரமாக வைத்துவிட்டு வெளியே காத்திருக்கிற பாஸ்போர்ட் போட்டோ ஆளைக் கூப்பிடுவார். முதல் இரண்டு வருஷத்தில் நான் ஸ்டூடியோவில் சாப்பிட்டதைவிட "சாப்டியா" கேட்டதுதான் அதிகம் என்று இருட்டறை சுல்தான் பாய் சொல்வார்.

என் பிலிம் கேமரா கனமான சாதனம். சாதாரண பிலிமைவிட அகலமான பிலிம், ரோலுக்குப் பத்துப் படம். வெயிலுக்கு முதுகு காட்டி, என் நிழலிலேயே உட்கார்ந்து ரோலை மாட்டுவேன். டிரைபாடின் காலை மண்ணில் அழுத்துவேன். லைட் மீட்டரைப் புல்லின் மேல் ஒரு தரம், என் புறங்கையின் மேல் ஒரு தரம் காட்டிக் கணக்குப் போடுவேன். காலண்டருக்கு ஸ்லைடு பிலிம்தான் வேண்டும். அதில் வெளிச்சம் துளி கூடினாலும் வானம் வெளுத்துச் செத்துவிடும். பிறகு கேமராவுக்குள் இருக்கிற கண்ணாடியை முதலில் தூக்கி நிறுத்தி, அதன் அதிர்வு அடங்கும் வரை பொறுத்து, ஒயர் பொத்தானை அழுத்துவேன். நடுவில் மூச்சு விட்டுக்கொள்ளலாம், பேசக் கூடாது. இத்தனைக்கும் சேர்த்து ஒரு படம். ஓரிடத்தில் நிற்காதவனை அந்தக் கேமரா ஒரு மணி நேரம் நிற்கவைத்தது. வேறு எதற்கும் நான் அப்படிக் கட்டுப்பட்டதில்லை.

டிஜிட்டல் வந்த புதிதில் ஜேசுராஜ் சார் ஒன்று வாங்கி பீரோவில் பூட்டி வைத்தார். வெளியே எடுத்த அன்று சுல்தான் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா முத்து, இது கேமராவா, கால்குலேட்டரா? இவ்வளவு பட்டன் இருக்கு?"

"உங்க வேலையும் இதுவே செஞ்சிரும் போல இருக்கு பாய்."

"செய்யட்டும். கெமிக்கல்ல கைவச்சு வச்சு என் விரல் நகமெல்லாம் கறுத்துப் போச்சு. இனிமேயாவது பிரியாணியில பிரியாணி வாசம் வரட்டும்."

நான் அதை எடுத்துக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். ஆற்றில் எருமை ஒன்று குளித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். எடுத்த இடத்திலேயே, எருமை கரை ஏறுவதற்குள், படம் கேமராவின் முதுகுப் பக்கத்துத் திரையில் வந்து நின்றது. எத்தனையோ வருஷம், எடுத்த படம் விழுந்ததா இல்லையா என்று தெரியாமலேயே பஸ் ஏறி ஊர் திரும்பியவன் நான். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். திதி கொடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ராஜலட்சுமி அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். திருவானைக்காவலில் ரைஸ் மில் நடத்துகிறவர். ஸ்ரீரங்கத்தில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் நீளமான சுவர் ஒன்று. அது முழுக்க ஒரே படம் வேண்டும் என்றார்.

"வெளியூர்லேருந்து சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. நாங்க தீவுல இருக்கோம்னு சொன்னா சிரிக்கறாங்க. பஸ்லயே வந்துட்டோமே, படகுலயா வந்தோம்னு கேக்கறாங்க. அவங்க பாத்ததும் வாயை மூடணும். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவுல நாங்க. ரெண்டு ஆத்துலயும் தண்ணி இருக்கணும். முடியுமாங்க?"

ஜேசுராஜ் சார் என்னைப் பார்த்தார். நான் முடியும் என்றேன். அம்மா போன பிறகு சாரிடம் இன்னொன்றும் சொன்னேன்.

"சார், இந்தப் படத்துல என் பேரு போடணும்."

அதுவரை எங்கள் ஸ்டூடியோவில் அந்த வழக்கம் இல்லை. என் படங்கள் நூற்றுக்கணக்கான வீட்டுக் காலண்டரில் தொங்கின, எல்லாவற்றிலும் ஸ்டூடியோ பெயர்தான். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் காலண்டரை வருஷம் முடிந்தால் கிழித்துப் போடுகிறார்கள். இது சுவர். சொந்த வீடு இல்லை, ஊரில் இருந்த நிலமும் போய்விட்டது, அலைந்த ஊர்களில் நான் இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. ஒரு சுவரிலாவது என் பெயர் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றிவிட்டது.

சார் ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "மொதல்ல ரெண்டு ஆத்தையும் கொண்டா. பேரைப் பத்தி அப்புறம் பேசலாம்."

இரண்டு ஆறும் ஒன்றாகத் தெரிகிற இடம் மலைக்கோட்டை உச்சிதான். வடக்கே காவிரி, அதற்கு அப்பால் தென்னைகளும் வீடுகளும் கோபுரங்களுமாக ஸ்ரீரங்கம். கொள்ளிடம் அந்தத் தென்னைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வெள்ளம் வந்து கரை முட்டினால்தான் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு தெரியும். ஆறு இரண்டாகப் பிரிகிற முக்கொம்பில் உபரித் தண்ணீரைத் திருப்பிவிடும் சில நாள்தான் அப்படி. அதுவும் ஆடி மாதக் காற்றுக் காலத்தில். புழுதி பறந்து வானமே மங்கிக் கிடக்கும். தண்ணீரும் வேண்டும், காற்று மண்டலம் கழுவிவிட்ட மாதிரியும் இருக்க வேண்டும். முதல் நாள் மாலை மழை பெய்து, மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் எடுத்தால் உண்டு.

முக்கொம்பில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் எனக்குப் பழக்கம். அந்த ஆடியில் போன் பண்ணினார்: "அண்ணே, கொள்ளிடத்துல தொறந்துட்டாங்க. சத்தம் கேக்குதா?" ரிசீவரை வெளியே நீட்டினார் போலிருக்கிறது, இரைச்சல் கேட்டது. கோயிலில் அனுமதி முன்பே வாங்கி வைத்திருந்தோம். உடனே டிஜிட்டலோடு ஏறிப் போய் எடுத்துவந்து கம்ப்யூட்டரில் போட்டோம். சிறிதாகப் பார்க்கும்போது அழகாக இருந்தது. சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் வீடுகள் எல்லாம் உப்புமா மாதிரி ஆயின. அந்தக் காலத்து டிஜிட்டலுக்கு அவ்வளவுதான் முடியும். சார் திரையைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாப்டியா?"

அன்று இரவு எனக்கு வழி புலப்பட்டது. அகல பிலிமில், தூரத்தைக் கிட்டே இழுக்கிற டெலி லென்ஸ் போட்டு, தீவை மேற்கிலிருந்து கிழக்காகத் துண்டு துண்டாக எடுப்பது. ஒன்றின் ஓரம் அடுத்ததின் மேல் ஏறும்படி ஒன்பது துண்டு. பிறகு ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஒட்டுவது. வெளிச்சக் கணக்குக்கு டிஜிட்டல். அதைப் பக்கத்திலேயே இன்னொரு டிரைபாடில் நிறுத்தி, அதில் ஒன்று எடுத்துத் திரையில் பார்த்து, சரியாக இருந்தால் அதே கணக்கில் பிலிமில் எடுப்பது. ஊரில் தேடியதில் நல்ல ஸ்லைடு ரோல் இரண்டுதான் கிடைத்தது.

மறுநாள் மாலை நல்ல மழை. அடுத்த காலை நானும் சுல்தான் பாயும் ஏறினோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, ஆனால் மேலே காற்று ஆளைத் தள்ளியது. டிரைபாடில் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டேன். போதவில்லை. பாய் வீட்டு ஜமக்காளத்தைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராக நின்றார். சாமி கும்பிட வந்த ஒரு அம்மா கேட்டார்:

"ஏங்க, ஜமக்காளம் விக்கறீங்களா? எவ்வளவு?"

"விக்கலம்மா. காவிரியைப் படம் எடுக்கறோம்."

"அதுக்கு ஏன் காவிரியை மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"காத்து அதைத் தூக்கிட்டுப் போயிடும்மா, அதுக்குத்தான்" என்றார் பாய், முகத்தை அசைக்காமல்.

டிஜிட்டலில் பார்ப்பதும், காற்று கொஞ்சம் ஓயும்போது பிலிமில் அழுத்துவதுமாக ஆறு துண்டு எடுத்துவிட்டேன். ஏழாவதற்கு டிஜிட்டல் திரையைப் பார்த்தால் படம் இருண்டிருந்தது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மெல்லிய மேகம் ஒன்று சூரியனுக்குக் குறுக்கே வந்திருந்தது. அந்தத் திரை இல்லையென்றால் தொடர்ந்து எடுத்திருப்பேன். பாதித் தீவு வெயிலிலும் பாதித் தீவு நிழலிலும் விழுந்து, ஒட்டும்போதுதான் தெரிந்திருக்கும்.

காத்திருந்தோம். மேகம் நகருவதற்குள் சூரியன் ஏறிவிட்டது, நிழல்களின் நீளம் மாறிவிட்டது. இனி மிச்ச மூன்றை எடுத்தாலும் முதல் ஆறோடு சேராது.

"இப்ப என்ன பண்ணப் போறே?" என்றார் பாய்.

"அந்த ரோலை விட்டுடலாம் பாய். மொதல்லேருந்து."

"இருக்கறது ஒரு ரோலு. தண்ணி நாளைக்கு இருக்குமோ இருக்காதோ. யோசிச்சியா?"

"யோசிச்சுட்டேன். ஜமக்காளத்தைப் பிடிங்க."

என் நிழலில் உட்கார்ந்து இரண்டாவது ரோலை மாட்டினேன். மேற்கிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றுக்கும் திரையைப் பார்த்து, கண்ணாடியைத் தூக்கி, காற்றுக்குப் பொறுத்து, நிறுத்தாமல் ஒன்பதையும் எடுத்து முடித்தேன். ரோலில் ஒரு படம் மிச்சம் இருந்தது. ஜமக்காளமும் தாடியும் பறக்க நிற்கிற பாயை அதில் எடுத்தேன். என் வாழ்நாளில் பிரியப்பட்டு எடுத்த மனித முகம் அது ஒன்றுதான்.

பிலிம் கழுவச் சென்னைக்குப் போயிற்று. அது திரும்பி வருவதற்குள் கொள்ளிடம் வடிந்து மணல் தெரிய ஆரம்பித்துவிட்டது. தினமும் பாலத்தில் போய் நின்று மணல் திட்டு பெரிதாவதைப் பார்த்துவிட்டு வந்தேன். படம் விழவில்லை என்றால் அடுத்த வெள்ளம் எந்த வருஷமோ. ராஜலட்சுமி அம்மா அதுவரை சுவரைக் காலியாக வைத்திருக்கப் போவதில்லை.

கவர் வந்தது. ஜேசுராஜ் சார் ஒன்பது துண்டையும் விளக்கு மேஜையில் வரிசையாக, தலைகீழாக அடுக்கினார். பூதக்கண்ணாடியை வைத்து இடமிருந்து வலமாக நகர்ந்தார், வலமிருந்து இடமாகத் திரும்பினார். ஏலக்காயை மெல்லவே இல்லை. பாய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சார் நிமிர்ந்தார். வாசல் பக்கம் பார்த்து, "யாருங்க பாஸ்போர்ட் சைஸு? உள்ள வாங்க" என்றார்.

பாய் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். உள்ளே வந்த ஆள் பயந்து வெளியே போய்விட்டார்.

ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் பார்த்த பெண் ரெஜினா. துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, காவிரிப் பாலத்துல இந்த வைக்கோல் லாரி ரெண்டு தடவை போகுது." ஒரு துண்டில் பாலத்தின் இந்தக் கோடியிலும், அடுத்த துண்டில் நடுப்பாலத்திலும் அதே லாரி. ஒன்றை எடுத்துவிட்டோம். வேறு ஒரு குறையும் இல்லை. எங்கே ஒட்டியது என்று இன்றைக்கும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பிலிம் கொடுத்த நுணுக்கமும் டிஜிட்டல் கொடுத்த கணக்கும் அதில் இருக்கின்றன. எது உசத்தி என்று அந்தப் படத்திடம்தான் கேட்க வேண்டும்.

பெயர்ப் பேச்சை நானே எடுத்தேன்.

"பேரு போட்டா நாளைக்கு நீ தனியாப் போயிடுவே முத்து."

"பேரு போடாட்டியும் நான் போறவன்தான் சார். போட்டா திரும்பி வருவேன்."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிரிண்ட் போடுகிற இடத்துக்குப் போன் செய்தார். பாதியில் ரிசீவரைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "உன் இனிஷியல் என்னப்பா?"

"இத்தனை வருஷமா சம்பளம் கொடுக்கறீங்க, தெரியாதா சார்?"

"முத்துன்னு கூப்பிட்டா வர்றே. இனிஷியலுக்கு என்ன அவசியம் வந்துச்சு இதுவரைக்கும்?"

'படம்: பெ. சின்னமுத்து' என்று போட்டார்கள். கீழே, வலது மூலையில்.

மண்டபத் திறப்பு விழா அன்று சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற கூட்டம் அந்தச் சுவரைத் தாண்டவில்லை. வெளியூர்க்காரர்கள் இரண்டு ஆற்றையும் பார்த்து வாயைப் பிளந்து நின்றார்கள், ராஜலட்சுமி அம்மா அவர்கள் முகத்தையே பார்த்து நின்றார். ஆனால் நெரிசல் அவர்களால் அல்ல. உள்ளூர்க்காரர்கள் ஆற்றைப் பார்க்கவே இல்லை. சுவரில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி, அவரவர் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "இது மேலூர் ரோடு, இங்கேருந்து எண்ணு." "எங்க தண்ணித் தொட்டி பாருங்க, மூடியே இல்ல, நான் அப்பவே சொன்னேன்ல?" "டேய், இது நம்ம தென்னைடா!" பந்தி பரிமாறுகிறவர் இலை போட்டுவிட்டு வந்து கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் வலது மூலையில் சுவரோரமாக நின்றிருந்தேன். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா என் தோளைத் தட்டினார்.

"சித்த நகருங்கோ, எங்காத்தை மறைச்சுண்டு நிக்கறேள்."

நகர்ந்தேன். அவர் குனிந்து தேடி, விரலை வைத்து, கணவரைக் கூப்பிட்டார். "இதோ இருக்கு பாருங்கோ, நம்மாத்து மாடி!" பிறகு விரல் கொஞ்சம் கீழே இறங்கியது. "படம், பெ. சின்னமுத்து" என்று வாய்விட்டுப் படித்தார். "யாரு இது சின்னமுத்து?"

"நான்தாங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்திருக்கப்படாதோ?" என்றார். "கிழிஞ்ச சிவப்புப் புடவையைக் காயப் போட்டிருக்கேன், பாருங்கோ. ஊரெல்லாம் பார்க்கப் போறது!"

குனிந்து பார்த்தேன். மாடிக் கொடியில், அரிசி அளவுக்கு, சிவப்பாகத் தெரிந்தது.